மருந்தும் விழிப்பும்

மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்பார் திருவள்ளுவர். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைபுரிபவன் என்பன அவை. இவற்றுள் இறுதியில் நின்றவனைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், மருத்துவர் எழுதிய மருந்து பிழையின்றி நோயாளியைச் சென்றடைதல் அத்துணைவனின் விழிப்பினாலேயாம்.

நாட்டிற்காகப் போர்புரிந்து ஓய்வுபெற்ற வீரரைப் பேணுதல் அரசின் கடனாகும். இக்கடனை ஆற்றும்பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாடு 1930-ஆம் ஆண்டில் தனித்துறை ஒன்றை நிறுவியது. அத்துறையின் மருத்துவமனைகளுக்கு வரும் முதிய வீரருள் பலர் நீரிழிவு, குருதி அழுத்தம், நெஞ்சக நோய் எனப் பல பிணிகளை ஒருங்கே உடையவர். ஆதலின், அவர்கள் ஒரே நாளில் பல மருந்துகளை உண்ண நேர்கின்றது. மருந்துகளிலோ, பெயரால் ஒத்தனவும் நிறத்தால் ஒத்தனவும் உண்டு. ஏடு பெயர்த்தெழுதுவோன் ஓர் எழுத்தைப் பிழைத்தால் பாட்டின் பொருள் திரியும். மருந்தாளர் ஓர் எழுத்தைப் பிறழ உணர்ந்தால் உயிருக்கே ஊறு நேரும்.

இவ்விடரைக் குறைக்கும் வழியைக் கண்டவர் ஒரு செவிலியர். கான்சாஸ் மாநிலத்து டொபீக்கா நகரில் உள்ள வீரர் மருத்துவமனையில் பணிபுரிந்த சூ கின்னிக் என்பார், 1992-ஆம் ஆண்டில் வாடகைக் கார் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார். அங்கிருந்த ஊழியர், காரில் ஒட்டியிருந்த கோட்டுக் குறியீட்டைச் சிறு கருவியால் படித்து நொடியில் கணக்கை முடித்தார். உயிரற்ற வண்டியைப் பிழையின்றி அறியும் இம்முறை, நோயாளியின் உயிரைக் காக்கவும் உதவுமன்றோ என்னும் எண்ணம் அச்செவிலியர் உள்ளத்தே எழுந்தது.

அவ்வெண்ணம் செயலாயிற்று. மருத்துவர் எழுதிய மருந்தை, அதன் அளவையும் பிற மருந்துகளோடு அது மாறுபடுமா என்பதையும் ஆராய்ந்து, மருந்தாளர் ஏற்பளிப்பார். மருந்துறையிலும், நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையிலும் குறியீடு இருக்கும். செவிலியர் இரண்டையும் கருவியால் படிப்பார். ஆள், மருந்து, அளவு, நேரம் ஆகியவற்றுள் ஒன்று பொருந்தாவிடினும் கணிப்பொறி எச்சரிக்கும். 1994-ஆம் ஆண்டில் டொபீக்காவில் செய்துபார்க்கப்பட்ட இம்முறை, 1999-ஆம் ஆண்டு முதல் அத்துறையின் மற்ற மருத்துவமனைகளுக்கும் பரவியது. மருந்துறைகளில் கோட்டுக் குறியீடு இடம்பெற வேண்டும் என்னும் விதியும் அந்நாட்டில் 2004-ஆம் ஆண்டில் பிறந்தது.

எனினும், கருவியே எல்லாம் செய்துவிடும் என்று எண்ணுதல் தவறு. அது உறையின்மேல் உள்ள குறியைப் படிக்குமேயன்றி, உள்ளிருக்கும் வில்லையை அறியாது. மருந்தகத்தில் உறை மாறியிருப்பின், பிழையையும் சரியென்றே கூறும். ஆதலின், மருந்தாளர் ஒவ்வோர் உறையையும் தம் கண்ணாலும் கருத்தாலும் நோக்குதல் வேண்டும். கருவி விழிப்புக்குத் துணையாமேயன்றி, விழிப்புக்கு ஈடாகாது. கட்டிலில் கிடக்கும் முதிய வீரர், தமக்கு மருந்து எடுத்துத் தந்தவரின் முகத்தைக் கண்டிலர். எனினும், அவரை நம்பியே அம்மருந்தை உண்கின்றார். அந்நம்பிக்கையைக் காத்தலே மருந்தாளரின் அறமாகும்.