சைக்கிள் களவு போனால்: முறைப்பாடு முதல் மீளப் பெறுவது வரை

ஊர் திரும்பிய பிறகு உங்களில் பலருடைய குடும்பத்துக்கு வந்த முதல் பெரிய பொருள் ஒரு சைக்கிளாகத்தான் இருந்திருக்கும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்வது அதில்தான். வீட்டுக் கிணறு துப்புரவாகும் வரை தண்ணீர்க் கானைக் கட்டி வருவதும், விறகு கொண்டுவருவதும், கூலி வேலைக்குப் போவதும், கிளினிக்குக்குப் போவதும் அதில்தான். அந்தச் சைக்கிள் களவு போனால் அடுத்த நாளே பிள்ளையின் படிப்பும் வீட்டு வருமானமும் பாதிக்கப்படும்.

ஆனாலும் பலர் முறைப்பாடு செய்வதில்லை. “ஒரு சைக்கிளுக்காகப் பொலிசுக்குப் போவதா?” என்று விட்டுவிடுகிறார்கள். விசாரணைக்காக மட்டுமே பொலிஸ் நிலைய வாசலை மிதித்தவர்களுக்கு, தாமாக அங்கே போவது இலகுவான காரியம் அல்ல என்பது எமக்குத் தெரியும். ஆனால் முறைப்பாடு செய்யாவிட்டால், நாளைக்கு உங்கள் சைக்கிள் பிடிபட்டாலும் அது உங்களுடையது என்று சொல்ல ஒரு பதிவும் இருக்காது. என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தப் பாடம் படிப்படியாகச் சொல்கிறது.

1. களவு போகும் முன்பே செய்ய வேண்டியது

ஒவ்வொரு சைக்கிளிலும் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். இதைப் பிறேம் நம்பர் என்பார்கள். பெடல் அச்சு செல்லும் குழாயின் அடிப்பக்கத்தில் அல்லது சீற்றுக்குக் கீழே உள்ள குழாயில் தேடிப் பாருங்கள். சேறும் கிறீசும் மூடியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். இலக்கம் தெளிவில்லை என்றால், அதன்மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால் தாளில் பதியும்.

ஒரே நிறத்தில், ஒரே வகையில் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் ஓடும் ஊரில், “கறுப்பு லுமாலா” என்று மட்டும் சொன்னால் எவருக்கும் விளங்காது. உதவித் திட்டத்தில் கிடைத்த சைக்கிள்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பவை. உங்கள் சைக்கிளைப் பிரித்துக் காட்டுவது அந்த இலக்கம்தான்.

இலக்கத்தை இரண்டு இடங்களில் எழுதி வையுங்கள். ஒன்று குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் பையில் இருக்கட்டும். மற்றது நம்பிக்கையான உறவினர் ஒருவரின் வீட்டில் இருக்கட்டும். கடைப் பற்றுச்சீட்டையும், நிறுவனம் தந்த கையளிப்புப் படிவத்தையும் எறிந்துவிட வேண்டாம். உங்கள் பிரதேச சபை வண்டி வரி அறவிட்டுப் பற்றுச்சீட்டோ தகடோ தருமாயின் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. உங்கள் பெயரையும் ஊரையும் ஒரு சிறு தாளில் எழுதி, பொலித்தீனில் சுற்றி, சீற்றைக் கழற்றி அந்தக் குழாய்க்குள் போட்டு வையுங்கள். வெளி அடையாளங்களை மாற்றியவருக்கு உள்ளே இருப்பது தெரியாது.

2. களவு போன அன்று

அன்றைக்கே, களவு நடந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். நீங்கள் வசிக்கும் இடம் வேறு, களவு நடந்த இடம் வேறு என்றால் களவு நடந்த இடமே முக்கியம். அவசரமானால் 119 என்ற இலக்கத்துக்கும் அறிவிக்கலாம்.

கொண்டு போக வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, பிறேம் இலக்கம் எழுதிய தாள், பற்றுச்சீட்டு அல்லது கையளிப்புப் படிவம், பூட்டின் திறப்பு. அடையாள அட்டை இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் கிராம அலுவலரின் கடிதத்தைக் கொண்டு போங்கள். கடிதம் எடுக்க நாளாகும் என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் முறைப்பாட்டைப் பதியுங்கள்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். மாதர் அபிவிருத்திச் சங்க உறுப்பினராகவோ அயலவராகவோ இருக்கலாம். முறைப்பாடு செய்வதற்குக் கட்டணம் இல்லை. எவராவது கேட்டால் கொடுக்க வேண்டாம்.

3. “காணேல்லை” என்று சொல்லாதீர்கள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தாய் சந்தைக்குப் போகிறார். சைக்கிளைப் பூட்டி மதிலோரம் விடுகிறார். மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் சைக்கிள் இல்லை. பொலிஸ் நிலையத்துக்குப் போய், “ஐயா, என்ர சைக்கிளைக் காணேல்லை” என்கிறார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவோம். களவு போன கோழியையும் “காணேல்லை” என்றுதான் சொல்வது எங்கள் வழக்கம்.

பொலிஸ் அலுவலர் அதைக் கேட்டபடியே, சைக்கிள் காணாமற்போனதாகச் சிங்களத்தில் எழுதுகிறார். தாய் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார். காணாமற்போன பொருள் பற்றிய பதிவும் களவு பற்றிய முறைப்பாடும் ஒன்றல்ல. தொலைத்தது உரிமையாளரின் கவனக்குறைவாகப் போய்விடும். களவு என்பது குற்றம். அதை விசாரிக்க வேண்டியது பொலிசாரின் கடமை. இரண்டு மாதம் கழித்து அதே சைக்கிள் ஒருவரிடம் அகப்பட்டால், “நான் றோட்டில் கண்டெடுத்தேன்” என்று அவர் சொல்லலாம். தாயின் சொந்த வாக்குமூலமே அவருக்குச் சாதகமாகிவிடும்.

ஆகவே தெளிவாகச் சொல்லுங்கள்: “பூட்டி வைத்த என் சைக்கிளைக் களவெடுத்து விட்டார்கள்.” சிங்களத்தில் ‘நெத்திவுணா’ என்றால் தொலைந்துபோனது. ‘ஹொரகம் களா’ என்றால் களவெடுத்தார்கள். உங்கள் முறைப்பாட்டை வாசிக்கும்போது எந்தச் சொல் வருகிறது என்று கவனமாகக் கேளுங்கள்.

4. எந்த மொழியில் எழுதப்பட வேண்டும்?

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு இதைப் பற்றிச் சொல்கிறது. வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டை, அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி, முறைப்பாட்டாளருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அலுவலரால் அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், உங்கள் மொழியில் நீங்களே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களாலும் எழுத முடியாது என்றால் மட்டுமே, காரணத்தைப் பதிந்துவிட்டுத் தமக்குத் தெரிந்த மொழியில் எழுதலாம். அப்போதும் உங்களுக்கு விளங்கும் மொழியில் அதை விளக்க வேண்டும்.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழியாகும். எனவே “தமிழில் எழுதுங்கள்” என்று கேட்பது சண்டை பிடிப்பது ஆகாது. மரியாதையாகவும் உறுதியாகவும் கேளுங்கள்.

எழுதித் தருவதே பல வேளைகளில் வசதியானது. வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போகலாம். மாதிரி இதோ:

பொறுப்பதிகாரி,
பொலிஸ் நிலையம், ............

ஐயா,
நான் ............ கிராம அலுவலர் பிரிவில் ............ என்ற முகவரியில் வசிக்கிறேன். ............ஆம் திகதி ............ மணியளவில் ............ என்ற இடத்தில் பூட்டி நிறுத்தியிருந்த எனது சைக்கிளை யாரோ களவெடுத்துச் சென்றுவிட்டனர். திரும்பி வந்து பார்த்தது ............ மணிக்கு. சைக்கிளின் வகை ............, நிறம் ............, பிறேம் இலக்கம் ............, வேறு அடையாளங்கள் ............, பெறுமதி ரூபா ............ . இக்களவு பற்றி விசாரித்து என் சைக்கிளை மீட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
கையொப்பம், திகதி

இதை இரண்டு பிரதியாக எழுதுங்கள். ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. கையெழுத்து வைக்கும் முன் நான்கு கேள்விகள்

முழுவதையும் எனக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டினார்களா? களவு என்று எழுதப்பட்டிருக்கிறதா? பிறேம் இலக்கம் சரியாக, ஓர் எழுத்தும் பிசகாமல் பதியப்பட்டிருக்கிறதா? திகதி, நேரம், இடம் சரியா?

பிழை இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கும் இந்த நான்கு கேள்விகளும் பொருந்தும். விளங்காத தாளில் கைநாட்டு வைக்க வேண்டாம்.

வெளியே வரும் முன் முறைப்பாட்டு இலக்கத்தையும், திகதியையும், முறைப்பாட்டை எழுதிய அலுவலரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எத்தனை தடவை போனாலும் அந்த இலக்கத்தைச் சொன்னால்தான் பதிவைத் தேடி எடுக்க முடியும். முறைப்பாட்டின் உறுதிப்படுத்திய பிரதி தேவையென்றால் சிறு கட்டணம் செலுத்திப் பெறலாம். அதற்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள்.

6. சைக்கிளை எங்காவது கண்டால்

உங்கள் சைக்கிள் திருத்தகத்தில் நிற்கலாம், அல்லது அடுத்த ஊரில் ஒருவர் அதில் போவதைக் காணலாம். கோபம் வரும். ஆனால் பறித்தெடுக்க வேண்டாம். கைகலப்பானால் முறைப்பாட்டாளரான நீங்களே எதிராளி ஆகிவிடுவீர்கள். அதை வைத்திருப்பவர் விலை கொடுத்து வாங்கிய அப்பாவியாகவும் இருக்கலாம். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, முறைப்பாட்டு இலக்கத்துடன் பொலிசாருக்கு அறிவியுங்கள். அவர்கள் முன்னிலையில் பிறேம் இலக்கத்தை ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

7. பொலிசார் மீட்டெடுத்தால் உடனே கையில் தருவார்களா?

பலர் ஏமாற்றமடைவது இந்த இடத்தில்தான். “சைக்கிள் அங்கே நிற்கிறது, தருகிறார்கள் இல்லை” என்று வருந்துவார்கள். களவுப் பொருள் என்று கைப்பற்றப்பட்டதை நீதவானுக்கு அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டக்கோவையின் 431ஆம் பிரிவு சொல்கிறது. யாரிடம் ஒப்படைப்பது என்று கட்டளையிடுபவர் நீதவான். ஆகவே வழக்குத் தவணை எப்போது, எந்த நீதவான் நீதிமன்றம் என்று பொலிசாரிடம் கேட்டு, தவணையன்று தவறாமல் போங்கள். அடையாள அட்டை, முறைப்பாட்டுப் பிரதி, உரிமைக்கான ஆவணங்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

வழக்கு முடியும் முன்பே நிபந்தனையுடன் உங்களிடம் ஒப்படைக்க நீதவான் கட்டளையிடலாம். அப்படிப் பெற்றால், வழக்கு முடியும்வரை அதை விற்கவோ நிறம் பூசவோ உதிரிப்பாகம் மாற்றவோ வேண்டாம். நீதிமன்றம் கேட்கும்போது அதே நிலையில் கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்கும்.

உரிமையாளர் யாரென்று தெரியாத பொருட்களுக்கு நீதிமன்றம் அறிவித்தல் ஒட்டும். உரிமை கோர 6 மாத அவகாசம் உண்டு. அதற்குள் எவரும் வராவிட்டால் பொருள் அரசுக்குச் சேர்ந்துவிடும். எனவே மாதத்துக்கு ஒரு தடவையாவது பொலிஸ் நிலையத்திலும் நீதிமன்ற அறிவித்தல் பலகையிலும் பாருங்கள்.

8. பற்றுச்சீட்டு இல்லாதவர்கள்

இடம்பெயர்ந்து வந்தவர்களிடம் பழைய பற்றுச்சீட்டைக் கேட்டால் எங்கே போவது? வேறு வழிகள் உள்ளன. சைக்கிளை விற்ற கடைக்காரரிடம் பதிவுப் புத்தகம் இருக்கலாம். உதவித் திட்டத்தில் கிடைத்ததாயின் வழங்கிய நிறுவனத்தின் பயனாளிகள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும். பிறேம் இலக்கமும் இருக்கிறதா என்று கேளுங்கள். கிராம அலுவலரின் கடிதமும், சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசியும் துணையாகும். வழமையாகத் திருத்தித் தரும் கடைக்காரர் ஒட்டுப் போட்ட இடங்களைக் கூடச் சொல்லுவார். அவரைச் சாட்சியாகக் கேட்கலாம்.

9. பழைய சைக்கிள் வாங்கும்போது

இன்றைக்குப் பறிகொடுத்தவர் நாளைக்கு மலிவான சைக்கிள் தேடுவார். களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகிக்கக் காரணம் இருந்தோ வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். பிறேம் இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் வாங்க வேண்டாம். விற்பவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், பிறேம் இலக்கம், விலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்.

10. முறைப்பாட்டை ஏற்க மறுத்தால்

முதலில் நிலையப் பொறுப்பதிகாரியைச் சந்திக்கக் கேளுங்கள். பலனில்லை என்றால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு எழுத்தில் தெரிவித்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அதன் பின்னரும் மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தை நாடலாம். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் அதன் அலுவலகங்கள் உள்ளன. வழக்கில் உதவி வேண்டுமாயின், வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது.

குடும்பமாகச் செய்து பாருங்கள்

இன்று பின்னேரம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பிறேம் இலக்கத்தைத் தேடுங்கள். பிள்ளைகளைக் கொண்டு அதைக் கொப்பியில் எழுதுவியுங்கள். பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாவிட்டால் அவருடைய சைக்கிள் இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. என்றாவது ஒருநாள் பொலிஸ் நிலைய மேசைக்கு முன்னால் நிற்க நேர்ந்தால், உங்களுக்காகப் பேசப் போவது அந்த இலக்கமும் நீங்கள் வாசிக்கக் கேட்டு ஒப்பமிட்ட அந்தத் தாளும்தான்.