தண்ணீர் நிற்கும் வயலில் வெப்பக் கணக்கு: புதிதாகச் சேருவோருக்கு

நெல் வயலுக்கும் அதன் மேல் வீசும் காற்றுக்கும் இடையே எவ்வளவு வெப்பமும் நீராவியும் கைமாறுகின்றன என்று அளப்பது இன்று முழுநேர வேலை. கட்டாக்கின் நெல் ஆராய்ச்சி நிறுவனம், பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் (இர்ரி), ஜப்பானின் சுகுபா நகரத்து மாசே வயல் எல்லாம் இந்த அளவீடு நடந்த இடங்கள். வேளாண் வானிலையியல், இயற்பியல், சுற்றுச்சூழல் படித்தவர்கள் பெரும்பாலும் திட்ட உதவியாளராக இதில் நுழைகிறார்கள். முதல் பருவத்திலேயே கைகொடுக்கும் சிலவற்றைச் சொல்கிறேன்.

அடிப்படை வரவுசெலவுதான். வயலுக்குக் கிடைக்கும் நிகரக் கதிர்வீச்சு பொதுவாக மூன்று வழியாகச் செலவாகிறது: காற்றைச் சூடாக்க, நீரை ஆவியாக்க, மண்ணுக்குள் இறங்க. முதல் இரண்டையும் வயலில் நிற்கும் கோபுரத்தில் பொருத்திய எடி கோவேரியன்ஸ் கருவிகள் பிடிக்கும். மேலும் கீழும் அசையும் காற்றையும், அதன் வெப்பத்தையும், ஈரத்தையும் நொடிக்கு 10 அல்லது 20 முறை அளந்து, அரை மணிக்கு ஒரு மதிப்பாகச் சுருக்குவார்கள். மூன்றாவதுக்கு மண்ணில் புதைக்கும் வெப்ப ஓட்டத் தகடு இருக்கிறது.

நெல் வயலில் நான்காவதாக ஒரு செலவும் உண்டு. அது தேங்கி நிற்கும் தண்ணீர். இதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். 10 செ.மீ. தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. அது ஒரு மணி நேரத்தில் 1 டிகிரி சூடேற, சதுர மீட்டருக்குச் சுமார் 116 வாட் வேண்டும். உச்சிவெயிலில் நிகரக் கதிர்வீச்சு 600 வாட் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. நடவு முடிந்து, பயிர் இன்னும் மூடாத வாரங்களில் வெயில் நேரே நீரில் விழுவதால் இதன் பங்கு மிக அதிகம். பகலில் வாங்கியதை நீர் மாலையிலும் இரவிலும் திருப்பித் தருகிறது. அதனால் பொழுது சாய்ந்த பிறகும் ஆவியாதல் தொடரலாம். இரவில் அப்படி ஒரு மதிப்பைப் பார்த்தவுடன் பிழை என்று அழித்துவிடாதீர்கள். நீரின் வெப்பநிலை இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆகவே நீருக்குள் இரண்டு மூன்று ஆழங்களில் வெப்பமானி வையுங்கள், நேர்வெயில் படாமல் மறைப்புக் கொடுத்து. நீர்மட்டத்தையும் தொடர்ந்து பதியுங்கள். மடை திறந்த நேரம், வடித்த நேரம் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். வாய்க்கால் நீர் தன் வெப்பத்தோடு வயலுக்குள் வருகிறது. கோபுரத்துக் கருவிக்கு அது தெரியாது.

கோபுரம் நிற்கும் இடமும் முக்கியம். பழைய கைவிதி ஒன்று உண்டு: பயிருக்கு மேல் கருவி எவ்வளவு உயரமோ, காற்று வரும் திசையில் அதைப்போல் 100 மடங்கு தூரம் ஒரே மாதிரி வயல் இருக்க வேண்டும். இரண்டரை மீட்டர் உயரத்துக்கு 250 மீட்டர். சிறு சிறு பாத்திகளாகப் பிரிந்த ஊரில் அத்தனையும் ஒருவர் நிலமாக இருக்காது. அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் எப்போது நடுகிறார்கள், எப்போது தண்ணீர் கட்டுகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். உங்கள் தரவின் தரம் அவர்கள் கையிலும் இருக்கிறது. இந்த உறவைப் பேணுகிறவரையே நான் நல்ல களப்பணியாளர் என்பேன்.

எல்லாம் சரியாகச் செய்தும் கணக்கு முழுதாக நேராகாது. பல வகை நிலங்களில் அமைந்த 22 நிலையங்களை ஒப்பிட்டு 2002-இல் வெளியான ஆய்வில், வரவுக்கும் செலவுக்கும் இடையே சராசரியாக 20 சதவீத அளவு இடைவெளி தெரிந்தது. அதை மறைக்க எண்களைத் திருத்தாதீர்கள். இடைவெளியை அப்படியே எழுதி, நீரின் பங்கைச் சேர்த்தபின் எவ்வளவு குறைந்தது என்று காட்டுங்கள். விவரம் தெரிந்த மேலாளர் அதைத்தான் மதிப்பார்.

வேலை கிடைக்கும் முன்பே பழகலாம். மாசே, இர்ரி, கலிஃபோர்னியாவின் ட்விட்செல் தீவு ஆகிய நெல் வயல்களின் தரவு ஃப்ளக்ஸ்நெட் மீத்தேன் (FLUXNET-CH4) என்ற தரவுத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. கணக்கிட எடிப்ரோ மென்பொருளும் இலவசம். ஒரு பருவத் தரவை எடுத்து, நடவு முதல் அறுவடை வரை வெப்பமும் ஆவியாதலும் எப்படி மாறுகின்றன என்று வரைந்து நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள்.

சேரும்போது இரண்டு கேள்விகளை வெளிப்படையாகக் கேளுங்கள். இடி மின்னல் நேரத்தில் கோபுரத்தருகே போக வேண்டாம் என்ற விதி இருக்கிறதா? நீங்கள் சேற்றில் நின்று சேகரித்த தரவில் கட்டுரை வந்தால் உங்கள் பெயர் ஆசிரியர் வரிசையில் இடம்பெறுமா? இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.