திரானோவில் ரயில் மாறுங்கள்

கேள்வி: அடுத்த ஜூனில் நானும் கணவரும் 68 வயது மாமியாரும் இத்தாலியின் மிலான் நகருக்குப் போகிறோம். அங்கிருந்து சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் போய் இரண்டு நாள் தங்க ஆசை. வாடகைக் கார் எடுத்தால் வசதி என்கிறார்கள் உறவினர்கள். சாலையின் வலதுபக்கம் ஓட்டிப் பழக்கமில்லாததால் கணவர் தயங்குகிறார். ரயிலில் போனால் எல்லையில் இறக்கி விசாரிப்பார்களோ என்று எனக்குப் பயம். எது நல்லது?
- வாசகி, கோவை

பதில்: ரயிலிலேயே போங்கள். முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் 2008 முதல் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இத்தாலி கொடுக்கும் ஷெங்கன் விசாவே அங்கும் செல்லும். சில நேரம் அதிகாரிகள் ரயிலுக்குள் வந்து பார்ப்பார்கள். அதனால் பாஸ்போர்ட்டை சூட்கேஸில் பூட்டாமல் கைப்பையில் வையுங்கள்.

காரில்தான் வேலை அதிகம். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இத்தாலியில் வேண்டும். காரை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதை வாடகை நிறுவனத்திடம் முன்பே சொல்லியாக வேண்டும். அங்கேயே விட்டுவிட்டு வந்தால் தனிக் கட்டணம். மிலானின் நடுப்பகுதியில் நுழைய வார நாட்களில் பகலில் 7.50 யூரோ. பல இத்தாலிய ஊர்களின் பழைய தெருக்களில் வெளியார் வண்டி நுழையக் கூடாது. தெரியாமல் நுழைந்தாலும் கேமரா படம் பிடித்துவிடும். நீங்கள் கோவை திரும்பிப் பல மாதம் கழித்துக்கூட அபராதம் வரலாம்.

ரயில் வழி இதுதான். மிலானோ சென்ட்ராலே நிலையத்திலிருந்து திரானோவுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். வழியில் நெடுந்தூரம் கோமோ ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டியே போவீர்கள். காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், மறந்தால் அபராதம். இந்தப் பாதையில் பராமரிப்பு நடக்கும் நாட்களில் சில இடங்களில் பேருந்து விடுவார்கள். பயணத் தேதியை முடிவு செய்யும் முன் அதை விசாரியுங்கள்.

திரானோவில் வெளியே வந்தால் அதே சதுக்கத்தில் சுவிஸ் நிலையம். சூட்கேஸை உருட்டிக்கொண்டே போய்விடலாம். அங்கிருந்து ‘பெர்னினா எக்ஸ்பிரஸ்’ என்ற சுற்றுலா ரயிலும் சாதாரண ரயிலும் ஒரே பாதையில் போகின்றன. முதலாவதில் கூடுதல் பணம் கட்டி முன்பதிவு செய்தாக வேண்டும். சாதாரண ரயிலில் அது தேவையில்லை. இடம் மாறி உட்காரலாம், சில பெட்டிகளில் ஜன்னலைத் திறக்கலாம். என் ஓட்டு சாதாரண ரயிலுக்கே.

புறப்பட்ட சில நிமிடங்களில், திரானோ மாதா பேராலயத்துக்கு முன்னால் கார்கள் காத்து நிற்க, ரயில் சதுக்கத்தின் குறுக்கே போகும். அப்புறம் காம்போகொலோஞ்ஞோ என்று பெயர்ப்பலகை வந்தால் நாடு மாறிவிட்டது என்று அர்த்தம். புருசியோவை நெருங்கும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஒன்பது வளைவுகள் கொண்ட கற்பாலம் ஒன்று வட்டமாக நிற்கிறது. ரயில் அதன் ஒரு வளைவுக்கு அடியில் நுழைந்து, சுற்றி ஏறி, அதே பாலத்தின் மேல் வந்து சேரும்.

திரானோவின் உயரம் 429 மீட்டர். உச்சியில் இருக்கும் ஓஸ்பீட்சியோ பெர்னினா நிலையம் 2,253 மீட்டர். நம் ஊட்டி ரயிலுக்குப் பல்சக்கரம் வேண்டும். இங்கே 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏற்றம் இருந்தும் பல்சக்கரம் இல்லாமல், வளைந்து வளைந்தே 1910 முதல் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். உச்சி கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம்தான் என்பதால் மாமியாரை நினைத்துக் கவலை வேண்டாம். இதயக் கோளாறோ மூச்சுக் கோளாறோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூனிலும் பனி கிடக்கலாம். ஸ்வெட்டர் கையிலேயே இருக்கட்டும்.

அந்த உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஏரிகள். வெள்ளை ஏரியான லாகோ பியாங்கோவின் தண்ணீர் தெற்கே அட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. கருப்பு ஏரியான லேய் நைரின் தண்ணீர் வடக்கே இறங்கி, டான்யூப் வழியாகக் கருங்கடலைச் சேர்கிறது. நாட்டு எல்லையைக் கவனிக்காமல் விட்டாலும் இந்தத் தண்ணீர் எல்லையை விடாதீர்கள்.

ரயில் போகாத மலைக் கிராமத்தில் தங்குவதாக இருந்தால் காரைச் சொல்லியிருப்பேன். இந்த வழியில் கார் எடுத்தால், இரண்டு ஏரிகளையும் கடக்கும்போது உங்கள் கணவரின் கண் அடுத்த கொண்டை ஊசி வளைவில்தான் இருக்கும். மூன்று பேருமே ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள்.