சுண்ணாம்பு சாது அல்ல

வீட்டுப் பொருள்களை நாம் ‘கெமிக்கல்’ என்றும் ‘நாட்டுப் பொருள்’ என்றும் பிரித்து, முதலாவதுக்கு அஞ்சி இரண்டாவதை முழுக்க நம்புகிறோம். வேதியியல் பிரிக்கும் விதம் வேறு. கனிமச் சேர்மங்களில் பெரும்பாலானவை அதற்கு அமிலம், காரம், உப்பு, ஆக்சைடு. இந்தப் பிரிவை அறிந்தால் தவிர்க்கக்கூடிய விபத்துகள் நிறைய.

நம்பிக்கை: ஆசிட்தான் ஆபத்து. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு என்ன செய்துவிடும்?

உண்மை: கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சூளையில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டதும் கொதித்துப் பொங்கி, கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற காரமாக நீறும். வெற்றிலைக்கும் சுவருக்கும் போவது இதுதான். சுவரில் பூசியது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடும். டப்பாவிலும் பாக்கெட்டிலும் இருப்பது இறுகாத காரம், அதன் பி.எச். அளவு 12-ஐத் தாண்டும்.

அமிலம் கண்ணில் பட்டால் மேற்பரப்பிலுள்ள புரதம் உறைந்து, மேலும் உள்ளே இறங்காமல் ஓரளவு தடுக்கும். காரத்துக்கு அந்தத் தடையும் இல்லை. கொழுப்பைச் சிதைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சிறு சுண்ணாம்புப் பாக்கெட்டை அமுக்கி விளையாடிய குழந்தைகளின் கண்ணில் அது பீய்ச்சியடித்துப் பார்வை பாதிக்கப்பட்டதை இந்தியக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பாக்கெட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சொல்லத் தோன்றுகிறது. பட்டுவிட்டால், காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையைத் தேடாதீர்கள். அமிலமும் காரமும் சேரும்போது வெப்பம் எழும், புண் இரட்டிப்பாகும். அந்த நொடியே இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் அரை மணி நேரமாவது கழுவி, கண் மருத்துவரிடம் ஓடுங்கள்.

நம்பிக்கை: பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையும் ஊற்றினால் கழிவறை இன்னும் சுத்தமாகும்.

உண்மை: நீற்றிய சுண்ணாம்போடு குளோரினைச் சேர்த்துச் செய்வதுதான் பிளீச்சிங் பவுடர். அமிலம் பட்டதும் குளோரின் வாயுவாகக் கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மன் படை எதிரிகள் மீது திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். ஜன்னல் சாத்திய சிறிய கழிவறையில் அது நுரையீரலை அரிக்கும். ஒன்றைப் போட்டு, நன்றாகத் தண்ணீர் விட்டு அலசிய பிறகே மற்றதைத் தொட வேண்டும். ஒரே நாளில் இரண்டும் தேவையே இல்லை என்பது என் கருத்து.

நம்பிக்கை: இந்துப்பில் சோடியம் இல்லை, ரத்த அழுத்தக்காரர்கள் தாராளமாகச் சேர்க்கலாம்.

உண்மை: இந்துப்பும் கடலுப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதன் எடையில் சுமார் 40 சதவீதம் சோடியம். பெரியவர்களுக்கு எல்லா உப்பும் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அயோடின் சேர்க்காத இந்துப்பையே நம்பியிருந்தால் தைராய்டுக்குத் தேவையான அயோடினும் குறையலாம். ‘சோடியம் குறைத்த’ உப்புகள் வேறு வகை. அவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக் கூடாது.

நம்பிக்கை: படிகாரம் போட்ட தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

உண்மை: படிகாரமும் ஓர் உப்புதான். மிதக்கும் மண்துகள்களைத் திரட்டி அடியில் படிய வைக்கும். கிருமிகளிலும் ஒரு பகுதி அதோடு இறங்கலாம், முழுவதும் போகாது. சுத்திகரிப்பு நிலையங்களில் இந்தக் கட்டத்துக்குப் பிறகும் குளோரின் சேர்ப்பது அதனால்தான். வீட்டில் தெளிந்த நீரை வடித்தெடுத்து, கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கலாம்.