மேல்மாடிக்கும் தண்ணீர்

காலை மணி ஆறு. நான்காம் மாடியில் ஒரு மாணவி பள்ளிக்குப் புறப்படுகிறாள். குளியலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூல் போல வடிகிறது. கீழ்வீட்டார் குழாயை மூடிய பிறகுதான் மேலே தண்ணீர் ஏறுகிறது. பழைய கட்டடத்தைப் பல குடும்பங்களுக்கான வீடுகளாக மாற்றுவோர் சுவரையும் கதவையும் கவனிப்பார்கள். குழாயின் அளவை மறந்துவிட்டால், அதன் விளைவை மேல்மாடியில் குடியிருப்போரே நாள்தோறும் அனுபவிக்க நேரும்.

எடுத்துக்காட்டாக, பினாங்கு, ஆயர் ஈத்தாமில் உள்ள பழைய நான்கு மாடிக் கட்டடம் ஒன்று எட்டு வீடுகளாக மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நால்வர் என்றால் மொத்தம் 32 பேர். பினாங்கில் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 280 லிட்டர் நீரைப் பயன்படுத்துகிறார். அப்படியானால், அக்கட்டடத்தின் ஒருநாள் தேவை சுமார் 9,000 லிட்டர் ஆகும்.

இந்த 9,000 லிட்டரை நாள் முழுவதற்கும் சமமாகப் பங்கிட்டால் நிமிடத்திற்கு ஆறு லிட்டர் போதும். ஆனால், மக்கள் அப்படிப் பங்கிட்டுக் குளிப்பதில்லை. காலையில் எல்லாரும் ஒரே வேளையில் வேலைக்கும் பள்ளிக்கும் ஆயத்தமாகின்றனர். ஒரு பூந்தூறல் குழாய்க்கு நிமிடத்திற்கு ஒன்பது லிட்டர் தேவை எனில், நான்கு வீடுகளில் ஒரே நேரத்தில் குளித்தால் 36 லிட்டர் வேண்டும். இது சராசரியைப் போல் ஆறு மடங்கு. இதனை உச்சத் தேவை என்பர். எட்டு வீட்டுக் குழாய்களும் ஒரே நொடியில் திறந்திருப்பது அரிது. ஆகவே, எத்தனை குழாய்கள் ஒருசேரத் திறக்கப்படலாம் என்பதைக் கணித்தே பொறியாளர்கள் இதனை முடிவு செய்கின்றனர்.

அடுத்தது குழாயின் விட்டம். நீர் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடினால், 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் நிமிடத்திற்கு 16 லிட்டரையே தரும். 25 மில்லிமீட்டர் குழாய் 44 லிட்டர் தரும். விட்டம் இரண்டு மடங்கானால் நீர் செல்லும் பரப்பு நான்கு மடங்காகும். ஒரே குடும்பத்திற்கென அமைத்த பழைய குழாய் எட்டுக் குடும்பங்களின் காலைத் தேவைக்கு ஏன் போதாது என்பது இதனால் விளங்கும்.

விட்டம் மட்டும் போதாது, அழுத்தமும் வேண்டும். நீரைப் பத்து மீட்டர் உயரத்திற்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் செலவாகும். அழுத்தம் போதவில்லை என்று தெருக்குழாயில் நேரடியாக நீரேற்றியைப் பொருத்தி உறிஞ்சக் கூடாது. அது அண்டை வீட்டாரின் நீரைக் குறைக்கும். குழாயில் விரிசல் இருந்தால் வெளியிலுள்ள அழுக்கையும் உள்ளே இழுக்கும்.

இதற்குத் தீர்வு நீர்த்தொட்டி. தெருக்குழாய் நீர் முதலில் கீழ்த்தொட்டியில் நிரம்பும். அங்கிருந்து நீரேற்றி அதனைக் கூரைத்தொட்டிக்கு அனுப்பும். இரவில் சேர்ந்த நீர் காலை நெரிசலைத் தாங்கும். எனவே, தெருவிலிருந்து வரும் குழாய் உச்சத் தேவை முழுவதையும் சுமக்க வேண்டியதில்லை. தொட்டியிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் குழாய்களே அதனைச் சுமக்க வேண்டும். கூரைத்தொட்டிக்கு மிக அருகில் இருப்பதால் மேல்மாடியில் அழுத்தம் குறைவாக இருக்கும். ஆதலால், அங்குச் செல்லும் குழாய் சற்றுப் பெரிதாக இருப்பது நல்லது.

தொட்டிக்கும் ஒரு விலை உண்டு. கூரையில் 6,000 லிட்டர் நீரை வைத்தால் அதன் எடை மட்டும் ஆறு டன். பழைய சுவர்கள் அதைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் ஆராய்ந்து சொல்ல வேண்டும். பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் அனுமதியும், நீர் விநியோகக் கழகத்தின் ஒப்புதலும் பெற்ற பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

தொட்டியின் பயனைப் பினாங்கு மக்கள் 2024 ஜனவரியில் நேரில் உணர்ந்தனர். சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய அடைப்பிதழ்களை மாற்றுவதற்காகப் பல இடங்களில் சில நாள்கள் நீர் தடைப்பட்டது. சேமித்து வைத்திருந்தவர்கள் சமாளித்தனர்.

ஆயர் ஈத்தாமின் குன்றின்மேல், கெக் லோக் சி ஆலயத்திற்கும் அப்பால், 1962-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணைக்கட்டு உள்ளது. கூரைத்தொட்டி இரவு நீரைக் காலைக்குக் காப்பது போல, இந்த அணை மழைக்கால நீரை வறட்சிக்காலத்திற்குக் காக்கிறது. எனினும், பினாங்கின் நீரில் சுமார் 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்தே வருகிறது. பெரிய குழாய் நீரை விரைவாகக் கொண்டுவருமே அன்றி, புதிதாக உண்டாக்காது. கட்டடத்தை மாற்றுவோர் சரியாகக் கணக்கிட்டு, குடியிருப்போரும் அளவறிந்து பயன்படுத்தினால், காலை ஆறு மணிக்கு நான்காம் மாடி மாணவியும் தடையின்றிக் குளித்துப் பள்ளிக்குச் செல்வாள்.