வண்டி உன் அளவுக்கு இருக்கட்டும்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. விடுதித் தோழிகள் நான்கு பேரும் ஆளுக்கொரு வண்டி எடுத்துவிட்டீர்கள், விடுமுறையில் வால்பாறை போகப்போகிறீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். போவதற்கு முன் வண்டிகளில் எதையெல்லாம் மாற்றலாம் என்று கேட்டு நீ அனுப்பிய பட்டியலையும் படித்தேன். சத்தமான சைலன்சர், அகலமான பின் டயர், தாழ்வான ஹேண்டில் பார், நான்கு பேருக்கும் ஒரே மாதிரி கறுப்பு ஜாக்கெட், கறுப்பு ஹெல்மெட். உன் கை எவ்வளவு நீளம், உன் கால் எங்கே எட்டுகிறது, உன் தலையின் சுற்றளவு என்ன என்று அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வண்டியைத் தனக்கே உரியதாக மாற்றிக்கொள்ளும் ஆசை நல்ல ஆசை. தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டி யாரோ ஒரு சராசரி ஆளுக்காகச் செய்யப்பட்டது. உன் கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ, இருக்கையின் உயரம் 805 மில்லிமீட்டர். ஐந்தடி இரண்டு அங்குல உயரமுள்ள உனக்கு அது கச்சிதமாக அமைந்துவிடாது. மாற்றத்தை அங்கிருந்து தொடங்கு.

முதலில் லீவர்கள். நீ வண்டியில் இயல்பாக உட்கார். ஒரு தோழி பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். விரல்களை கிளட்ச் மேல் வைக்கும்போது முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஏறக்குறைய ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் லீவர் மேல்நோக்கி நிற்கும், மணிக்கட்டு மடிந்துவிடும். பொள்ளாச்சியைத் தாண்டுவதற்குள் கை வலிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். லீவரைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கீழே திருப்பி, மறுபடி இறுக்கினால் போதும். காசு செலவில்லை. அடுத்தது இருக்கை. நல்ல சீட் கடைக்காரர் உள்ளே இருக்கும் ஃபோமின் முன்பக்கத்தை மட்டும் இருபுறமும் சீவித் தருவார். இருக்கையின் அகலம் குறைந்தாலே கால் தரையில் நன்றாக ஊன்றும். சிக்னலில் நிற்கும்போது 195 கிலோவைத் தாங்கப்போவது அந்தக் கால்தான். பின்னால் தோழியை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவதானால், பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை ஒன்றிரண்டு படி இறுக்கச் சொல். இல்லையென்றால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், முகப்பு விளக்கு வானத்தைப் பார்க்கும், வளைவில் ஹேண்டில் சொன்னபடி கேட்காது.

தாழ்வான ஹேண்டில் பாரை உங்களுக்குப் பிடித்திருப்பது புரிகிறது. அந்த வடிவத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1950, 60-களில் லண்டன் ஏஸ் கஃபேயில் கூடிய இளைஞர்கள் நார்ட்டன் சட்டகத்தில் ட்ரையம்ப் எஞ்சினைப் பொருத்தி, அதற்கு ட்ரைட்டன் என்று பெயரும் வைத்து ஓட்டினார்கள். மணிக்கு 100 மைலைத் தொடுவதுதான் அவர்கள் லட்சியம். காற்றின் எதிர்ப்பைக் குறைக்க குனிந்து உட்கார வேண்டியிருந்தது, அதற்காக ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள். அவர்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வேலை இருந்தது. ஆழியாறு தாண்டி மெதுவாகத் திரும்பித் திரும்பி ஏறப்போகிற உனக்கு, தாழ்ந்த ஹேண்டில் உடம்பின் பாரத்தை மணிக்கட்டில் ஏற்றுவதைத் தவிர எதுவும் செய்யாது. எந்த ஹேண்டிலை மாட்டினாலும் இடக்கோடி முதல் வலக்கோடிவரை திருப்பிப் பார். கேபிளோ பிரேக் ஹோஸோ இழுபட்டால் அது உன் வண்டிக்கு ஆகாது.

சைலன்சர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'சைலன்சர் மாத்தினா வண்டி நல்லா இழுக்கும்' என்று உங்கள் மெக்கானிக் அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் பொய் சொல்லவில்லை. அவர் தொழில் பழகிய காலத்து வண்டிகளுக்கு அது உண்மை. 1985 முதல் 1996 வரை இங்கே விற்ற யமஹா ஆர்எக்ஸ் 100 இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். அந்த வகை எஞ்சினில் புகைபோக்கியின் வடிவமே சக்தியைத் தீர்மானிக்கும். வெளியேறும் புகையின் அழுத்த அலை சைலன்சருக்குள் மோதித் திரும்பி வந்து, எரியாமல் வெளியே நழுவும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். வடிவத்தைச் சரியாக மாற்றினால் வண்டி உண்மையிலேயே பாயும். உன்னுடையது நான்கு ஸ்ட்ரோக். எரிபொருளைக் கணினி அளந்து ஊட்டுகிறது. புகைபோக்கியில் ஆக்சிஜன் சென்சாரும் நச்சுப்புகையைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் இருக்கின்றன. அந்தப் புகைபோக்கியைக் கழற்றிவிட்டு வெறுங்குழாயை மாட்டினால் கிடைப்பது சத்தமும் புகையும்தான். வேகம் கூடிவிட்டதாகக் காதுக்குத் தோன்றும், அவ்வளவே.

சட்டமும் உன் பக்கம் நிற்காது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு ஒலி வரம்பு 80 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்சி புத்தகத்து விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஆறு மாதம்வரை சிறைகூட உண்டு. சட்டத்தை விடு. வால்பாறைச் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. குட்டியோடு நிற்கும் யானையின் காதில் உன் சைலன்சர் சத்தம் விழ வேண்டிய அவசியம் என்ன?

இன்னொன்று. அழகாக இல்லை என்று எல்லோரும் முதலில் கழற்றி எறிவது பின்சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் சாரி கார்டை. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பாதிச் சக்கரத்தையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி இருக்கிறது. உங்கள் நால்வரில் இரண்டு பேர் துப்பட்டா அணிகிறவர்கள். அந்தத் தடுப்பைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

இனி உடுப்பு. இங்கே நான் உங்களோடு கண்டிப்பாகச் சண்டை போடுவேன். நான்கு பேரும் தலை முதல் கால்வரை கறுப்பு வேண்டாம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பும் உடை அணிந்தவர்களுக்கு விபத்தில் காயப்படும் அபாயம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு 24 சதவீதம் குறைவு. குழுவுக்கென்று ஓர் அடையாளம் வேண்டுமானால் அது நிறமாகவே இருக்கட்டும்: வெள்ளை ஹெல்மெட், முதுகில் ஆளுக்கொரு வடிவத்தில் ஒளிரும் பட்டை. இருட்டினாலும் யார் எங்கே வருகிறார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரியும்.

ஹெல்மெட்டை நால்வருக்குமாக ஒருவர் போய் வாங்கி வரக் கூடாது. புருவத்துக்குச் சற்று மேலே டேப் வைத்துத் தலையைச் சுற்றி அளந்துகொண்டு, அவரவர் தலைக்கு அவரவர் போட்டுப் பார்க்க வேண்டும். கன்னங்கள் இரண்டும் சற்று அழுந்த வேண்டும். பட்டையை மாட்டியபின் பின்புறத்தைப் பிடித்து முன்னால் தள்ளினால் கழன்று வரக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார். உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்கு நசுங்குவதால்தான் அடி மண்டைக்குப் போகாமல் நிற்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை உதவாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். அதன்மேல் கண்ட பெயிண்டையும் தின்னரையும் பூசாதே. பிளாஸ்டிக் ஓடு பலவீனமாகும், வெளியே பார்த்தால் தெரியாது.

ஓட்டுவதைப் பற்றிக் கடைசியாக. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டப் பழகியவர்கள். அவசரத்தில் பலர் பின் பிரேக்கை மட்டும் அழுத்தி வழுக்கினார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. நீங்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டவர்கள்தான். ஆளில்லாத மைதானத்தில் ஒரு காலை முழுவதும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தப் பழகுங்கள். அதன்பிறகு மலை.

மலையில், எல்லோரிலும் மெதுவாக ஓட்டுபவள் இரண்டாவதாகப் போகட்டும். அவள் வேகமே குழுவின் வேகம். அனுபவமுள்ளவள் கடைசியில் வரட்டும். நேர்ச்சாலையில் இடம், வலம் என மாறி மாறி இடைவெளி விட்டுப் போங்கள். கொண்டை ஊசி வளைவில் ஒருவர் பின் ஒருவராக. அங்கே அப்படி 40 வளைவுகள். பேருந்து திரும்பும்போது முழுச் சாலையும் அதற்கு வேண்டும். வளைவுக்கு முன்பே நின்று வழி விடு. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில், எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருங்கள். பின்தங்கியவள் துரத்திப் பிடிக்க முயலும் நேரம்தான் ஆபத்து. 'காத்திருப்போம்' என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவள் துரத்த மாட்டாள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இருட்டுவதற்குள் கீழே வந்துவிட வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தோழிகளையும் வண்டிகளையும் அழைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கு வா. அத்தை சமைத்து வைப்பாள். நாம் வாசலில் வண்டியை நிறுத்தி, நால்வருக்கும் லீவரையும் ஷாக்கையும் சரிசெய்துவிடலாம். சைலன்சருக்கென்று எடுத்து வைத்த பணத்தில் வரும் வழியிலேயே நான்கு ஜோடி நல்ல கையுறை வாங்கி வாருங்கள். உள்ளங்கையில் தடித்த பாதுகாப்பு இருக்க வேண்டும், ஆளுக்கு ஆள் அளவு பார்த்து வாங்க வேண்டும்.

அன்புடன்,
மாமா