பேரப்பிள்ளை எனும் அமானிதம்

பெண்கள் பயான் முடிந்ததும் திரைக்கு அப்பாலிருந்து முதிய அம்மா ஒருவர் மஸ்அலா கேட்டார்: "ஹஜ்ரத், ஸஜ்தாவில் இருக்கும்போது பேரன் முதுகில் ஏறிக்கொள்கிறான். தொழுகை கூடுமா?"

"கூடும் அம்மா" என்றேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகளார் ஸைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைச் சுமந்தபடியே தொழுத செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. முதுகில் ஏறிய பேரருக்காக அவர்கள் ஸஜ்தாவை நீட்டிய செய்தி நஸாயீயில் உண்டு.

அம்மா மகிழ்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார். மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மூன்று பிள்ளைகளும் இவர் பொறுப்பு. சர்க்கரை மாத்திரை தீர்ந்து இரண்டு மாதம். "பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன்?"

இதற்கு என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. அந்த விடையே இந்தப் பாடம்.

அளவும் மிகையும்

பேரப்பிள்ளை கண்குளிர்ச்சி என்பதை ஆய்வுகளும் ஒப்புகின்றன. ஜெர்மனியின் பெர்லின் நகரில் 70 வயது கடந்த 500க்கும் மேற்பட்டோரை 1990 முதல் பல ஆண்டுகள் கவனித்தனர். அவ்வப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தனர். ஆனால் முழுநேரமாக வளர்ப்போர் அக்கணக்கில் சேரவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலிருந்து 2014ல் வெளியான ஆய்வில், வாரம் ஒரு நாள் பேரப்பிள்ளைகளைக் கவனித்த பெண்கள் அறிவுச் சோதனைகளில் முன்னின்றனர். வாரம் 5 நாளோ அதற்கு மேலோ கவனித்தவர்கள் ஒரு சோதனையில் பின்தங்கினர். அளவோடு இருந்தால் மருந்து, மிஞ்சினால் பாரம்.

ஷரீஅத்தின் நிலை

பிள்ளை வளர்ப்புரிமையை (ஹழானத்) தாய்க்கு அடுத்துத் தாயின் தாய்க்கே நம் இமாம்கள் தந்தார்கள். ஆயினும் செலவு தந்தையின் கடமை. பிள்ளை பாட்டியின் மடியில் இருப்பதால் அக்கடமை நீங்குவதில்லை.

பிள்ளையை முன்னிட்டுத் தாய் துன்புறலாகாது, எவர் மீதும் சக்திக்கு மீறிய சுமை இல்லை என்பது அல்பகறா 233ஆம் வசனத்தின் கருத்து. பெற்றவளுக்கே அப்படியென்றால், அவளையும் பெற்று வளர்த்து ஓய்ந்தவளுக்கு?

நம் கண் முன்னே

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையும் அரசு அறிவித்தது. நல்லதே. ஆனால் இரவில் திடுக்கிட்டு அழும் பிள்ளையை எழுந்து தட்டிக்கொடுக்கும் கை பணத்துக்கு இல்லையே! கல்வராயன் மலையிலும் பெற்றோர் வெளியூர் வேலைக்கு இறங்கிவிட, முதியோரே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. அண்டை வீட்டாரின் உரிமை மதம் பார்த்து வருவதன்று.

செய்ய வேண்டியவை

1. வெளியூரில் இருக்கும் மகனும் மகளும் பணம் அனுப்புவதோடு நில்லாமல், விடுமுறை நாட்களில் வந்து பெற்றோருக்கு ஓய்வு தரட்டும். உள்ளூர் உடன்பிறப்புகள் முறை வைத்துக்கொள்ளட்டும்.

2. பெரியவர்கள் மாத்திரையை நிறுத்தக்கூடாது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெயர் பதிய ஜமாஅத் இளைஞர்கள் உதவட்டும். உடல் ஓர் அமானிதம்.

3. "எனக்குப் பின் யார்?" என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஆறு வயதில் தாயையும் இழந்த அண்ணலாரை (ஸல்) வளர்த்தவர் பாட்டனார் அப்துல் முத்தலிப். இரண்டே ஆண்டில் அவரும் மறைந்தார். அதற்கு முன்பே பேரரை மகன் அபூதாலிபின் கையில் ஒப்படைத்திருந்தார்.

அந்த அம்மா மாத்திரை வாங்கச் செல்லும் காலையில் மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பெண் இசைந்தார். மாதம் ஒரு காலைப் பொழுது, அவ்வளவுதான் தேவைப்பட்டது. உங்கள் தெருவிலும் இப்படி ஓர் அம்மா இருப்பார். விசாரியுங்கள்.

முதியோரின் முதுகில் பேரப்பிள்ளைகள் ஏறட்டும். நம் கடமைகள் ஏறாதிருக்க அல்லாஹ் நமக்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.